கோகோபீட் கட்டி: வாங்குமுன் உப்பைப் பாருங்கள்

கடையில் அடுக்கி வைத்திருக்கும் ஐந்து கிலோ கோகோபீட் கட்டிகள் பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், நான்கைந்து அங்குலக் கனம், மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. விலை மட்டும் கடைக்குக் கடை இரண்டு மடங்கு வரை வித்தியாசப்படும். மலிவானதை வாங்கி, தண்ணீரில் ஊறப்போட்டு, செடி வளர்க்கும் பையை நிரப்பி, விதையும் போட்டாயிற்று. பத்தாம் நாள் நாற்றின் இலை ஓரம் கருகினால் பழி விதைக்குப் போகும், வெயிலுக்குப் போகும். கட்டியை யாரும் சந்தேகப்படுவதில்லை.

இந்த விமர்சனம் எந்த ஒரு கம்பெனியைப் பற்றியதும் இல்லை. ஒரே கம்பெனியின் கட்டிகூட ஒரு லோடுக்கும் அடுத்த லோடுக்கும் மாறும் என்பதால், பெயரைச் சொல்லி நட்சத்திரம் கொடுப்பதில் பயன் குறைவு. கையில் இருக்கும் கட்டி எப்படிப்பட்டது என்று வீட்டிலேயே கண்டுபிடிப்பதுதான் உதவும்.

தேங்காய் மட்டையில் இருந்து நாரைப் பிரித்தபின் மிஞ்சும் தூள்தான் கோகோபீட். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் நார் மில்களின் வாசலில் மலைபோலக் குவிந்து கிடந்த கழிவு, இன்று அழுத்திக் கட்டியாக்கிக் கப்பல் ஏறுகிறது. மட்டையிலேயே பொட்டாசியம், சோடியம், குளோரைடு எல்லாம் உண்டு. மட்டையை உப்பங்கழியில் ஊறவைத்து எடுத்திருந்தால் உப்பு இன்னும் கூடும். மில்லில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, பிறகு அழுத்தினால் உப்பு போய்விடும். ஆனால் அதற்குத் தண்ணீர், களம், ஆள் கூலி எல்லாம் வேண்டும். கழுவாமல் அப்படியே அழுத்தியது மலிவாக வருகிறது. விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு இதுதான்.

உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘லோ இ.சி.’ என்றால் மின்கடத்துத்திறன் (இ.சி.; உப்பு கூடினால் இந்த எண்ணும் கூடும்) 0.5 மில்லிசீமன்ஸுக்குக் கீழே, அதாவது நன்றாகக் கழுவியது. ‘ஹை இ.சி.’ என்பது கழுவாதது. ‘வாஷ்டு’ என்று மட்டும் போட்டு எண் போடாமல் விட்டிருந்தால் அதை நம்ப வேண்டியதில்லை. ஒரு முறை தண்ணீர் தெளித்ததும் வாஷ்டுதான். ‘பஃபர்டு’ என்று இருந்தால் கால்சியம் கரைசலில் ஊறவைத்தது என்று பொருள். அது பெரும்பாலும் பசுமைக்குடில்காரர்களுக்குப் போகும் சரக்கு. வீட்டுத் தோட்டத்துக்கு அந்த விலை தேவையா என்பதைப் பிறகு பார்ப்போம்.

உப்பைப் பார்க்கத் தண்ணீர் சோதிக்கும் டி.டி.எஸ். மீட்டர் போதும். சில நூறு ரூபாய்தான், பேனா அளவில் இருக்கும். கட்டியின் ஓரத்தில் இருந்து 50 கிராம் உடைத்தெடுத்து, 250 மில்லி கேன் தண்ணீரில் ஊறவிடுங்கள். அரை மணி நேரத்தில் அது உப்பி முக்கால் லிட்டர் அளவுக்கு வரும். அதில் ஒரு டம்ளர் தூளை லேசாக அமுக்கி அளந்து, ஒன்றரை டம்ளர் கேன் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, இன்னும் அரை மணி நேரம் வைத்து, துணியில் வடிகட்டி மீட்டரை வையுங்கள். வெறும் கேன் தண்ணீர் காட்டிய எண்ணை இதில் இருந்து கழித்துவிட வேண்டும். குழாய்த் தண்ணீரில் செய்தால் கணக்கு குழம்பும்.

கழித்தபின் 250 பி.பி.எம்முக்குள் வந்தால் விதை போடவே எடுத்துக்கொள்ளலாம். 250 முதல் 500 வரை என்றால், மண்ணும் தொழு உரமும் கலந்து பையில் நிரப்பத் தடையில்லை. நாற்றுக்கு மட்டும் ஒரு முறை அலசவும். 500 முதல் 1,000 வரை வந்தால் இரண்டு மூன்று முறை கழுவாமல் தொடக்கூடாது. 1,000-ஐத் தாண்டினால், கடைக்காரர் தெரிந்தவராக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். பெரும்பாலான மீட்டர்களில் 500 பி.பி.எம். என்பது ஏறத்தாழ ஒரு மில்லிசீமன்ஸுக்குச் சமம். உறையில் போட்டிருக்கும் இ.சி. எண்ணோடு இப்படி ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

அடுத்து அளவு. கோகோபீட்டைக் கிலோவில் விற்கிறார்கள், பையை லிட்டரில்தான் நிரப்புகிறோம். நல்ல ஐந்து கிலோ கட்டி 20 முதல் 25 லிட்டர் தண்ணீர் குடித்து 65 முதல் 75 லிட்டர் வரை உப்ப வேண்டும். 20 லிட்டர் பெயின்ட் வாளியில் அளந்தால் மூன்றரை வாளி. மூன்று வாளிகூடத் தேறாவிட்டால் காரணம் இரண்டில் ஒன்று: கட்டி ஈரத்தோடு அழுத்தப்பட்டிருக்கும் (எடையில் தண்ணீருக்கும் காசு கொடுத்திருக்கிறோம்), அல்லது மண் கலந்திருக்கும். மண்ணைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு கைப்பிடித் தூளை வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் தூள் மிதக்கும், மணல் அடியில் உட்காரும். களத்தில் உலர்த்துவதால் கொஞ்சம் மணல் வரத்தான் செய்யும்; அடியில் ஒரு படலமாகத் தெரிந்தால் அது கொஞ்சம் இல்லை.

நிறமும் மணமும் பார்க்கலாம். வெளிர் பழுப்பாக, தங்க நிறம் தட்டினால் புதுத் தூள். கரும்பழுப்பாக இருந்தால் சில மாதங்கள் கிடந்து பழுத்தது. தோட்டத்துக்குப் பழையதுதான் மேல். மழை பெய்த மண்போல மணந்தால் நல்லது. புளித்த வாடையோ அழுகிய முட்டை வாடையோ அடித்தால் காற்றில்லாமல் ஊறிக் கிடந்தது. இரண்டு நாள் பரப்பி உலர்த்திய பிறகே பயன்படுத்த வேண்டும். நீள நீளமான நார் நிறைய இருந்தால் தண்ணீர் நிற்காது, நாற்றுத் தட்டில் போட முடியாது. பெரிய பைக்கு அந்த நார் நல்லதுதான், காற்றோட்டம் கொடுக்கும்.

கழுவும் வேலைக்கு வருவோம். கட்டியை அப்படியே சின்ன வாளியில் திணிக்காதீர்கள். உப்பும்போது வாளியை அடைத்துக்கொண்டு நடுப்பகுதி காய்ந்தே கிடக்கும். அகலமான டப்பில் வைத்து 10 லிட்டர் ஊற்றி, மேலே உப்பியதை வழித்தெடுத்துவிட்டு மறுபடி ஊற்றுவது சுலபம். வெந்நீர் விட்டால் வேகமாக உப்பும். பாதிதான் வேண்டுமென்றால் கட்டியின் பக்கவாட்டில் உளியை வைத்துத் தட்டுங்கள், அப்பளம்போல அடுக்கு அடுக்காகப் பிரியும். மீதியை உறையோடு மழை படாத இடத்தில் வைத்தால் வருடக்கணக்கில் கெடாது.

உப்பியதை அரிசிச் சாக்கில் அள்ளி, கட்டித் தொங்கவிட்டு, 20 லிட்டர் தண்ணீரை மெல்ல மேலிருந்து ஊற்றவும். முழுக்க வடிந்த பிறகு அடுத்த 20 லிட்டர். வடியும் தண்ணீர் முதலில் டிக்காஷன் நிறத்தில் வரும், பிறகு வெளிறும். நிறம் வெளிறியதை வைத்து உப்பு போய்விட்டது என்று முடிவு செய்யக்கூடாது. நிறம் டானினால் வருவது, உப்புக்கு நிறமில்லை. மீட்டரைத்தான் கேட்க வேண்டும். இந்த வடிநீரைச் சாக்கடையில் விடவும் வேண்டாம். பொட்டாசியமும் குளோரைடும் தென்னைக்குப் பிடித்தவை. வீட்டில் தென்னை இருந்தால் அதன் அடியில் ஊற்றலாம். கீரைப் பாத்திப் பக்கம் மட்டும் கொண்டுபோக வேண்டாம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கழுவும் தண்ணீரின் உப்புக்குக் கீழே தூளின் உப்பை இறக்க முடியாது. சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீட்டில் மூன்று அலசலில் முடிகிற வேலை, 1,200 பி.பி.எம். காட்டும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உள்ள சென்னைப் புறநகரில் முப்பது அலசலிலும் முடியாது. அப்படிப்பட்ட வீடுகளில் கழுவாத கட்டியை மலிவாக வாங்குவது நஷ்டம், லோ இ.சி. கட்டிக்குக் கூடுதல் விலை கொடுப்பதே சிக்கனம். இல்லையென்றால் ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் காத்திருந்து, உப்பிய தூளைச் சாக்கோடு மாடியில் திறந்து வைத்துவிடுங்கள். இரண்டு நல்ல மழை, கைவலியில்லாமல் கழுவிக் கொடுத்துவிடும்.

பஃபரிங் தேவையா? தண்ணீரில் கழுவினால் தளர்வாக இருக்கும் உப்பு போகும். தூளின் பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் பொட்டாசியமும் சோடியமும் வெறும் தண்ணீருக்கு நகராது. பிறகு நாம் போடும் உரத்தில் உள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் தூள் பிடித்துக்கொண்டு, பதிலுக்குப் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியே விடும். தக்காளிக் காயின் அடிப்பகுதி கருத்துக் குழிவிழுவதற்கு மாடித்தோட்டத்தில் இது ஒரு முக்கியக் காரணம். முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். ஓடு கரையப் பல மாதம் ஆகும், அதற்குள் தக்காளிச் செடி முடிந்திருக்கும்.

கலவையில் பாதிக்கு மேல் கோகோபீட் என்றால் மட்டும் பஃபரிங் செய்யுங்கள். ஒரு கட்டிக்கு 50 கிராம் கால்சியம் நைட்ரேட்டை 20 லிட்டர் தண்ணீரில் கரைத்து, கழுவிய தூளை ஓர் இரவு ஊறவைத்து, வடித்து, ஒரு முறை அலசினால் போதும். ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் அதே அளவு தண்ணீரில் 40 கிராம் ஜிப்சம் கலக்கலாம். அதற்கு மேல் போட்டுப் பயனில்லை. ஜிப்சம் லிட்டருக்கு இரண்டு கிராம் அளவுக்குத்தான் கரையும். சுண்ணாம்பு மட்டும் போடாதீர்கள், கார அமில நிலையை ஏற்றிவிட்டு இரும்புச்சத்துக் குறையை இழுத்துவிடும். மண் மூன்றில் ஒரு பங்கு சேர்கிற கலவைக்கு இந்த வேலையெல்லாம் வேண்டியதில்லை. பஃபர்டு கட்டிக்குக் கூடுதல் காசும் வேண்டியதில்லை.

விற்பவர்கள் சொல்லத் தயங்கும் விஷயம் ஒன்று உண்டு: கோகோபீட்டில் செடிக்குச் சாப்பாடு இல்லை. பொட்டாசியம் தவிரச் சொல்லும்படியாக எதுவும் கிடையாது. இருக்கிற தழைச்சத்தையும் (நைட்ரஜன்) அது தின்னும். மக்காத நார்க்கழிவில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112:1 அளவில் இருக்கும். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தைச் சுற்றியிருக்கும் மண்ணில் இருந்து எடுத்துக்கொள்ளும், செடி வெளிறிப்போகும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் முறையில் ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி சிப்பிக்காளான் வித்து என்று அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காயாமல் வைத்தால், சுமார் இரண்டு மாதத்தில் அந்த விகிதம் 24:1 ஆக இறங்கும். கறுத்து, எடை குறைந்து, நல்ல மட்காக மாறிவிடும். மக்கிய நார்க்கழிவு என்று தனியாக விற்பது இதுதான். கட்டியாக வருவது பெரும்பாலும் மக்காதது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாங்குகிறவர்கள் அதிகம்.

வீட்டுக் கணக்கில் தழைச்சத்துக் குறையை ஈடுகட்ட வழி, கலவையைச் சரியாகப் போடுவதுதான். 12-க்கு 12 அங்குல வட்டப் பை விளிம்பு வரை 22 லிட்டர் பிடிக்கும். மேலே இரண்டு அங்குலம் விட்டால் 18 லிட்டர். அதில் செம்மண் 6 லிட்டர், நன்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் 6 லிட்டர், கோகோபீட் 6 லிட்டர், வேப்பம் புண்ணாக்குத் தூள் இரண்டு கைப்பிடி, அதாவது சுமார் 100 கிராம். ஒரு கட்டியில் இப்படிப் பன்னிரண்டு பை நிரப்பலாம். கலந்த அன்றே விதைக்காமல், ஈரம் தெளித்துப் பத்து நாள் நிழலில் விடுவது நல்லது. புண்ணாக்கின் சூடு தணியும். வேர் நோயைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி போடுவதென்றால் 200 கிராம் பொட்டலத்தை 20 கிலோ தொழு உரத்தோடு கலந்து, ஈரச் சாக்கு போட்டு மூடி, ஒரு வாரம் கழித்துச் சேர்க்கவும். நேராகப் பையில் தூவினால் அது பெருக இடமிருக்காது.

எடையைப் பற்றிக் கவலைப்படும் மாடிக்காரர்களுக்கு: வெறும் செம்மண் நிரப்பிய அதே பை நனைந்தால் 30 கிலோ தாண்டும். மேலே சொன்ன கலவை 20 கிலோவை ஒட்டி நிற்கும். முழுக்கக் கோகோபீட் என்றால் 12 கிலோவுக்குள் முடியும். ஆனால் அந்தப் பையில் வளர்ந்த கத்தரி ஆடிக் காற்றுக்குப் பையோடு சாயும். வாரா வாரம் திரவ உரம் ஊற்ற முடியாதவர்கள் முழுக் கோகோபீட்டில் இறங்க வேண்டாம்.

தண்ணீர் விடுவதில் நடக்கும் தவறுதான் அடுத்தது. கோகோபீட் தன் எடையைப் போல ஏழெட்டு மடங்கு தண்ணீர் பிடிக்கும். மேல் அரை அங்குலம் வெயிலில் வெளிறிக் காய்ந்து தெரியும், உள்ளே சொதசொதவென்று இருக்கும். மேலே பார்த்துத் தினமும் ஊற்றினால் மிளகாயும் கத்தரியும் வேர் அழுகி, பகலில் வாடி மாலையில் நிமிரும். ‘தண்ணீர் போதவில்லை’ என்று இன்னும் ஊற்றுவோம். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டாதபோது மட்டும் ஊற்றவும். இதற்கு எதிரான தொல்லையும் உண்டு. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் காயவிட்டால் தூள் சுருங்கிப் பையின் ஓரத்தை விட்டு விலகும். பிறகு ஊற்றுகிற தண்ணீர் அந்த இடுக்கு வழியே அடியில் ஓடிவிடும். அப்போது பையைத் தண்ணீர் நிரப்பிய தட்டில் ஒரு மணி நேரம் நிறுத்தினால் கீழிருந்து ஊறும். பையின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்தால் அது உப்பு. துளை வழியே நன்றாக வடியும்வரை மாதம் ஒரு முறை நல்ல தண்ணீர் விட வேண்டும்.

எப்போதும் ஈரமாக இருந்தால் மேற்பரப்பில் கொசுவைவிடச் சின்னதாகக் கறுப்பு ஈக்கள் பறக்கும். அவற்றின் புழு நாற்றின் வேரைக் கடிக்கும். மேல் மண்ணைக் கிளறிக் காயவிட்டு, ஒரு பிடி வேப்பம் புண்ணாக்குத் தூளைத் தூவினால் அடங்கிவிடும்.

எந்தச் செடிக்கு எவ்வளவு என்பதில் கடைக்காரர் சொல்லும் ‘எல்லாத்துக்கும் போடலாம்’ சரியில்லை. நாற்றுக்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது. 98 குழித் தட்டு ஒன்றுக்கு ஊறவைத்த கோகோபீட் ஒன்றேகால் கிலோ பிடிக்கும். தக்காளி, கத்தரி, மிளகாய் விதைகள் சீராக முளைக்கும், பிடுங்கும்போது வேர் அறாது. முள்ளங்கியும் கேரட்டும் இளகிய கலவையில் கோணாமல் நேராக இறங்கும், அவற்றுக்குப் பாதி வரை போடலாம். சிறுகீரை, அரைக்கீரை, கொத்தமல்லிக்கு மூன்றில் ஒரு பங்கு. கறிவேப்பிலைக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். நீர் தேங்கினால் கொழுந்து மஞ்சளாகி நின்றுவிடும். கற்பூரவள்ளி, துளசி, கற்றாழை மூன்றுக்கும் மணல் கூடுதலாகவும் கோகோபீட் மிகக் குறைவாகவும் இருக்கட்டும். மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் கால் பங்கு. டிரம்மில் வைக்கும் எலுமிச்சை, கொய்யா, மாதுளைக்கு அதற்கும் குறைவாக. பல வருடம் நிற்கும் மரத்துக்குக் கீழே தூள் மக்கிக் கலவை உட்கார்ந்துகொண்டே போகும், வருடா வருடம் மேலே மண் போட வேண்டியிருக்கும்.

மற்ற வடிவங்களில், 650 கிராம் செங்கல் கட்டி எட்டு ஒன்பது லிட்டர் தரும். லிட்டர் கணக்கில் விலை அதிகம், ஆனால் நாலு தொட்டியும் ஒரு நாற்றுத் தட்டும் வைத்திருப்பவருக்கு அதுவே போதும். விதை போட வசதியாக வரும் வலை சுற்றிய சின்ன வில்லைகள் அழகாக இருக்கின்றன; அந்த வலை எளிதில் மக்குவதில்லை, நடும்போது கிழித்துவிடுங்கள். ‘ரெடி மிக்ஸ்’ என்று பத்து கிலோ பையில் வரும் மண்கலவையில் பாதி எடை ஈரமாக இருக்கலாம்; எத்தனை லிட்டர் என்று உறையில் போடாததை வாங்க வேண்டாம். பொள்ளாச்சிப் பக்கம் இருப்பவர்கள் கட்டியே வாங்காமல், மில்லில் மழையில் நனைந்து கறுத்துக் கிடக்கும் பழைய குவியலில் சாக்குக் கணக்கில் அள்ளி வருவது எல்லாவற்றையும்விட மேல். மீட்டரைப் பையில் எடுத்துப் போங்கள்.

எங்கள் மதிப்பீடு: எண் போட்டு விற்கும் லோ இ.சி. ஐந்து கிலோ கட்டிக்கு ஐந்துக்கு நாலரை. கழுவாத கட்டிக்கு, நல்ல தண்ணீரும் ஒரு தென்னையும் உள்ள வீட்டில் மூன்றரை, உப்புத் தண்ணீர் வீட்டில் ஒன்று. பஃபர்டு கட்டி, மண்ணே இல்லாமல் வளர்ப்பவருக்கு மட்டும் நாலு.

ஒரு சீசன் முடிந்ததும் கலவையைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. செடியைப் பிடுங்கி, தார்ப்பாயில் கொட்டி, வேரைப் பொறுக்கிவிட்டு மூன்று நாள் வெயிலில் காயவிடுங்கள். மீட்டரில் ஒரு முறை பார்த்து, 500-க்கு மேல் காட்டினால் ஓர் அலசு. பிறகு பைக்கு இரண்டு லிட்டர் தொழு உரமும் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்த்து மறுபடி நிரப்பலாம். இப்படி மூன்று நான்கு முறை வரை ஓடும். அதற்குள் தூள் மாவாக மக்கித் தண்ணீர் வடியாமல் போகும்; அப்போது அதைத் தரையில் இருக்கும் வாழைக்கோ முருங்கைக்கோ அடியில் கொட்டிவிட்டுப் புதுக் கட்டி உடைக்கலாம். வேர் முடிச்சுப் புழுவோ வாடல் நோயோ வந்த பையின் கலவையை மட்டும் அடுத்த தக்காளிக்குக் கொடுக்காதீர்கள். அதில் துலுக்கச் சாமந்தி போடுங்கள்.